இரண்டில் ஒன்றைத் தொடு!

அரியலூர் பக்கம் போயிருக்கிறீர்களா? ரெட்டிபாளையம் ரோட்டில் மரங்களின் நிறத்தை வைத்தே மழை பெய்து எத்தனை நாளாச்சு என்று சொல்லிவிடலாம். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் போய்ப் போய், இலைகளுக்கெல்லாம் பவுடர் பூசிவிட்ட மாதிரி இருக்கும். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் அந்த இடம் கடல். அப்போது வாழ்ந்து செத்த சிப்பியும் நத்தையும்தான் இன்றைக்கு அல்ட்ராடெக் ஆலைக்குச் சாப்பாடு.

போன மாதம் அங்கே ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னோடு பி.காம். படித்தவன். லாரி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். வீடு காலனித் தெருவில். (எந்தக் காலனி என்று கேட்காதீர்கள். நம்மூரில் வெறும் 'காலனி' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2025-ல் அந்தச் சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப் போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நான் போன பஸ்ஸின் கண்டக்டருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.)

நண்பனின் மகள் பி.காம். முதல் வருடம். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியில் பாதி அழிந்துபோன ஜெயலலிதா. அவளுடைய அத்தை பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அத்தைக்குக் கல்யாணமானதும் பையோடு பரணில் ஏறிவிட்டது. இப்போது இறங்கியிருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் ஒரு கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்தில், இங்கிலீஷில், நாலைந்து வரிகள். மேலே 'பாஸ்', கீழே 'விண்டோஸ்'. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில விநாடிகள்தான் டயம். நாம் முழித்துக்கொண்டிருந்தால் அதுவாகவே ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடும்.

"கடைக்காரன் அந்த பாஸைத் தூக்கிட்டுப் புது விண்டோஸ் போட நானூறு ரூபா கேக்கறான்டா" என்றான் நண்பன்.

"ஏன் தூக்கணும்? அது நல்லாத்தானே இருக்கும்?"

"நல்லதா இருந்தா எங்களுக்கு எதுக்குடா தரப்போறாங்க?"

இருபத்தைந்து வருடப் பழக்கம். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். ஆனாலும் 'நமக்கு' என்று அவன் சொல்லவில்லை. 'எங்களுக்கு' என்றான். தமிழில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு தெரு ஓடுகிறது.

ஆகவே வாசகர்கள் மன்னிக்கவும். இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது சினிமாவும் இல்லை, நாவலும் இல்லை. அந்தக் கறுப்புத் திரைதான்.

முதலில் கொஞ்சம் கதைச் சுருக்கம். கம்ப்யூட்டர் என்ற தகர டப்பாவை ஆட்டி வைக்கிற அடிப்படை மென்பொருளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ் ஒரு கம்பெனியின் சொத்து. காசு கொடுத்தால் உபயோகிக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்க முடியாது. லினக்ஸ் அப்படியல்ல. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதனால் லினக்ஸுக்குப் பெருமாளைவிட அவதாரங்கள் அதிகம். டெபியன், உபுண்டு, சூசே, ஃபெடோரா... நம் 'பாஸ்' என்பதும் ஓர் அவதாரம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது, 2007-ல் முதல் வெளியீடு. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் இருப்பதும் லினக்ஸ்தான். அதை யாரும் மட்டம் என்று சொல்வதில்லை. போன் கடையில் காசு கொடுத்தல்லவா வாங்கினோம்!

2011 செப்டம்பர் 15. லேப்டாப் திட்டம் தொடங்கியது. ஜெயலலிதா அரசு இதை 'இலவசம்' என்று சொல்லவில்லை, 'விலையில்லா மடிக்கணினி' என்றது. இங்கிலீஷ்காரர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, சும்மா கிடைப்பதையும் சுதந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் தன் வாழ்நாளில் பாதியை அந்த இரண்டும் வேறு வேறு என்று விளக்கியே கழித்திருப்பார். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இலவசம் வேறு, விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. மூன்று தனித்தனிச் சொற்கள். இருந்தும் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம்.

குழப்பம் தானாக வந்ததில்லை. இலவசம் என்ற சொல்மேல் எச்சில் துப்புவது நம் நடுத்தர வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. 2018-ல் 'சர்கார்' படத்தில் மிக்ஸியையும் கிரைண்டரையும் தீயில் தூக்கிப் போடுகிற காட்சி வந்தது. ஆளுங்கட்சி கொதித்து, காட்சி வெட்டப்பட்டது. அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் கை தட்டியவர்களில் எத்தனை பேர் வருமான வரி விலக்கை நெருப்பில் போடத் தயாராக இருந்தார்கள்? கணக்குப் படித்தவன் என்பதால் கேட்கிறேன். பற்று வரவுப் பேரேட்டில் விலக்கும் மானியமும் ஒரே பக்கத்தில்தான் வரும். ஒருவன் வாங்கினால் இன்சென்டிவ், இன்னொருவன் வாங்கினால் இலவசம்.

சரி, கறுப்புத் திரைக்கு வருவோம். அதில் இருக்கும் இரண்டு பேரும் சமமா?

விண்டோஸ் வரியைத் தொட்டேன். உள்ளே 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்'. இந்த ஸ்டார்ட்டர் ஒரு வேடிக்கையான பிராணி. விண்டோஸ் 7-ல் ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் ப்ரீமியம், ப்ரொஃபஷனல், என்டர்ப்ரைஸ், அல்டிமேட் என்று ஆறு படிகள். நாலு போதாதென்று ஆறு! அடிப்படியில் ஸ்டார்ட்டர். அதைக் கடையில் தனியாக வாங்க முடியாது, மலிவு மெஷின்களில் போட்டே கொடுத்தார்கள். அதில் வால்பேப்பரை மாற்ற முடியாது. நிஜமாகத்தான். உங்கள் கம்ப்யூட்டர் திரையில் உங்கள் குழந்தை போட்டோவை வைக்க முடியாது. இதனால் கம்பெனிக்கு நாலணா மிச்சமில்லை. செய்ய முடிந்ததை வேண்டுமென்றே பூட்டி வைத்திருந்தார்கள். மேல்படிக்காரனுக்குத் தான் மேல்படியில் இருப்பது தெரிய வேண்டுமென்றால், கீழ்ப்படியில் ஏதாவது இல்லாமல் இருக்க வேண்டுமே!

அடுத்து பாஸைத் தொட்டேன். இது எதையும் பூட்டவில்லை. வால்பேப்பரை மட்டுமில்லை, மொத்தத்தையும் மாற்றிக்கொள்ளலாம். தமிழ் வருகிறது. எழுத, கணக்குப் போட, படம் வரைய எல்லாம் உள்ளேயே இருக்கிறது. வைரஸ் தொல்லை இல்லை என்றே சொல்லலாம். பொருளாகப் பார்த்தால் இரண்டில் இதுதான் மேல். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் செய்த முதல் காரியம், லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோய் இதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டதுதான். மூடியில் இருந்த படத்தின்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியது இரண்டாவது காரியம். இரண்டும் ஒரே காரியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கவர்மென்ட் லேப்டாப்' என்று காலேஜில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது!

லினக்ஸ் பக்தர்கள் இதைப் பார்த்து, ஜனங்கள் ஆட்டு மந்தை, புதிதாகக் கற்றுக்கொள்ளச் சோம்பேறித்தனம் என்பார்கள். அது அவர்களுடைய தப்பெண்ணம். நண்பனின் மகள் நாளைக்கு எங்கே வேலைக்குப் போவாள்? லாரி ஆபீஸ், சிமென்ட் டீலர், ஆடிட்டர் ஆபீஸ். எல்லா இடத்திலும் 'டேலி தெரியுமா?' என்பதுதான் முதல் கேள்வி. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. நானும் பி.காம்.தான், எனக்குத் தெரியும். அந்தப் பெண் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் அது அறியாமை இல்லை. சம்பளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சரியாகப் படித்திருக்கிறாள். பள்ளிக்கூடம்தான் படிக்கவில்லை. 2000-களில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். பரீட்சை முடிந்து வெளியே வந்த பையனிடம் ஸ்டார் ஆபீஸ் தெரியுமா என்று எந்த முதலாளியும் கேட்கவில்லை.

என் குற்றச்சாட்டு இதுதான். லினக்ஸை ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்தது தப்பில்லை. ஏழைப் பிள்ளைக்கு *மட்டும்* கொடுத்ததுதான் தப்பு. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அப்போது தமிழக அரசு, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று சொன்னது. அதாவது பிள்ளைகளுக்கு பாஸ் கொடுத்து மூன்றாவது வருடமும் பெரிய மேஜைகளில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. ரேஷன் அரிசியைச் சாப்பிட்டுப் பார்க்காத அதிகாரி அதன் தரத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் யார் நம்புவார்கள்? நண்பன் கேட்ட கேள்வியில் லினக்ஸ் பற்றி ஒன்றுமே இல்லை. அது எந்த வழியாக வந்தது என்பதைப் பற்றிய கேள்வி அது. கடைசித் தெருவுக்குக் கடைசியாக வருகிற தண்ணீரைக் கண்டவன் கேட்கிற கேள்வி.

இதைச் சரியான திசையிலிருந்து ஆரம்பித்த ஓர் ஆசாமி தமிழ்நாட்டில் இருந்தார். சி.உமாசங்கர், 1990 பேட்ச் ஐ.ஏ.எஸ். 2006-ல் எல்காட் நிர்வாக இயக்குநராக வந்தவர், முதலில் எல்காட்டின் சொந்த கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். தான் உட்காருகிற மேஜை, தன் ஊழியர்களின் மேஜை, அப்புறம்தான் பள்ளிக்கூடம். பள்ளிகளுக்கான முப்பதாயிரம் கம்ப்யூட்டர்களை லினக்ஸில் கொண்டுபோகும் திட்டம் அன்றைக்கு வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூடப் பேசப்பட்டது. 2008-ல் அவர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். 2010 ஜூலையில் சஸ்பெண்ட்.

காரணம்? சாதிச் சான்றிதழ். தலித் அதிகாரியான அவர் கொடுத்த சான்றிதழ் செல்லாது என்று புகார். அதே வருடம் சஸ்பென்ஷன் ரத்தானது. பின்னாளில் அவர் மதப் பிரசாரத்தில் இறங்கியதும், 2015-ல் அரசு அதற்குத் தடை சொன்னதும் தனிக்கதை. அதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். இருபது வருட சர்வீஸ். கலெக்டராக இருந்திருக்கிறார், ஊழல்களைப் பற்றி அறிக்கை கொடுத்திருக்கிறார், பெரிய இடங்களோடு மோதியிருக்கிறார். அத்தனைக்கும் பிறகு ஃபைலில் தேடி எடுக்கப்பட்ட காகிதம் எது? மேல்சாதி அதிகாரி ஒருவரை இப்படி வீழ்த்த முடியாது. அவரிடம் கேட்பதற்கு அந்தக் காகிதமே இருக்காது.

சூசேயில் பழகிய பள்ளிக்கூடங்களுக்கு அடுத்து வந்தது பாஸ். 'ரெண்டும் லினக்ஸ்தானே' என்பார் சென்னையில் இருப்பவர். சமையலறையை மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அடுப்பு அடுப்புதான், ஆனால் உப்பு டப்பா எங்கே? சூசேயில் எதைச் செய்யவும் 'யாஸ்ட்' என்று ஒரு பெரிய கதவு. பாஸ் டெபியன் குடும்பம், அங்கே அந்தக் கதவே கிடையாது, மென்பொருளை ஏற்றுகிற கட்டளைகூட வேறு. கற்ற ஆசிரியர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாறுவதற்கு ஆகிற செலவு என்று காமர்ஸில் ஒன்று உண்டு. பொருளின் விலையில் அது வராது, மாறுகிறவன் தலையில் வரும். சாஃப்ட்வேர் இளைஞன் ஞாயிற்றுக்கிழமை உபுண்டுவை எடுத்துவிட்டு ஃபெடோரா போட்டுப் பார்ப்பான். பிடிக்கவில்லையா, அடுத்த ஞாயிறு வேறு. அவனுக்கு அது ஹாபி. ஒரே ஒரு மெஷின், அதற்குள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், நாளைக்குக் கடைசித் தேதி என்றிருப்பவளுக்கு அது சூதாட்டம்.

கேரளாவில் இந்தச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் வந்தபோது அங்கேயும் பாடத்தில் விண்டோஸ்தான். ஆசிரியர் அமைப்புகளே எதிர்ப்புத் தெரிவித்து, படிப்படியாகப் பள்ளிகள் லினக்ஸுக்குப் போயின. முதலில் டெபியன் வழி, பிறகு உபுண்டு வழி. அவர்களும் மாறினார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் மாறியவர் வாத்தியார். ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கி, மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்து, பாடப்புத்தகமும் பரீட்சையும் அதிலேயே. எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் என்றாகிவிட்டால் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்க என்ன இருக்கிறது?

லினக்ஸ் உலகமே சமத்துவபுரம் என்று நான் சொல்லவில்லை. அங்கே புதிதாகப் போகிறவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, 'நீ எந்த டிஸ்ட்ரோ?' கிராமத்தில் 'தம்பி எந்த ஊரு... எந்தத் தெரு?' என்று கேட்பார்களே, அதே ராகம். உபுண்டு என்றால் ஒரு பார்வை. ஆர்ச் என்றால் நாற்காலி. சந்தேகம் கேட்டால், 'கையேட்டைப் படிச்சியா?' கையேடு இங்கிலீஷில். தமிழில் கற்றுக்கொடுக்க 'கணியம்' மாதிரி சிலர் 2012-லிருந்து மெனக்கெடுகிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

2020 ஜூலையில் லினக்ஸ் கெர்னல்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நிரலில் 'எஜமான் - அடிமை' என்ற பொருள்படும் சொற்களை இனிப் புதிதாக எழுத வேண்டாம் என்று விதி வைத்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் கலிஃபோர்னியாவில், சிஸ்கோ கம்பெனியில் இந்திய எஞ்சினியர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று அந்த மாநில அரசுத் துறை வழக்குப் போட்டது. கம்பெனி மறுத்தது. 2023-ல் இரண்டு மேலதிகாரிகள் மீதான வழக்கை மட்டும் துறையே கைவிட்டது. வழக்கின் நியாயம் கோர்ட் பாடு. அமெரிக்கா போயும் 'எந்தத் தெரு' கேள்வி கூடவே போயிருக்கிறது என்பதுதான் நம் பாடு. சொல்லை மாற்றுவது வேண்டாம் என்பதில்லை. காலனி என்ற சொல்லும் போகட்டும். கண்டக்டர் அப்புறம் கற்றுக்கொள்வார்.

பெங்களூரில் கொட்டிகெரே பக்கம் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் ஒரு கணினி மையம் நடத்தினார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்து இளைஞர்கள், பழைய கம்ப்யூட்டர்கள், லினக்ஸ். பிள்ளைகள் 'கிம்ப்' என்ற மென்பொருளில் படம் வரைந்தார்கள். இளைஞர்கள் தாங்கள் உபயோகித்ததையே அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள், கூடவே உட்கார்ந்து. மேலேயிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போகவில்லை.

அன்று ராத்திரி ரெட்டிபாளையத்தில் நானும் உட்கார்ந்தேன். அந்த லேப்டாப்பில் இரண்டு ஜி.பி. ராம். விண்டோஸ் 11 அதில் ஏறவே ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. கடைக்காரர் நானூறு ரூபாய்க்கு எதைப் போட்டிருப்பார் என்பது அவருக்கே வெளிச்சம். பழைய பாஸும் காலாவதி. அதனால் பாஸின் தாய்வீடான டெபியனையே போட்டுவிடலாம், கனமில்லாத திரையாக எல்.எக்ஸ்.க்யூ.டி. வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு.

பென்டிரைவில் எடுத்துக்கொடுத்தது மட்டும் நான். மற்றதை அவளே செய்தாள். வைஃபை பிடிக்கவில்லை. போனை ஒயரில் சொருகி அதிலிருந்து நெட் எடுத்தாள். அதை நான் சொல்லித்தரவில்லை. விண்டோஸை வைத்துக்கொள்ளட்டுமா என்று மெஷின் கேட்டபோது என்னைப் பார்த்தாள். "டேலிக்கு என்ன பண்றது மாமா?" காலேஜ் லேபில் விண்டோஸ் இருக்கிறது, டேலியை அங்கே பழகிக்கொள், வீட்டில் கணக்குப் பாடத்துக்கு லிப்ரே ஆபீஸ் போதும் என்றேன். யோசித்துவிட்டு, விண்டோஸுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள். எனக்கு லேசான ஏமாற்றம். ஆனால் வேலை தேடப்போவது அவள்தான், நானில்லை.

முதல் காரியமாக வால்பேப்பரை மாற்றினாள். அத்தையும் அவளும் திருவிழாவில் எடுத்துக்கொண்ட போட்டோ.

நண்பன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "உன் வீட்லயும் இதான் ஓடுதா?" என்றான். என் பையைத் திறந்து என் லேப்டாப்பைக் காட்டினேன். அதே டெபியன். வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தான்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தால் திண்ணையில் இன்னும் மூன்று லேப்டாப்கள். மூன்றின் மூடியிலும் பாதி அழிந்த முகம். பக்கத்தில் மூன்று பிள்ளைகள், சார்ஜரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு. பதினொரு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.